பழைய சின்ன கார் ஏன் ரேஸ் ஏற மறுக்கிறது?

பழைய சின்ன கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: “ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் நல்லா நிக்குது, ஆனா ரேஸ் ஏற மாட்டேங்குது.” அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இன்ஜினின் வேகம் ஏறுவதில்லை. உடனே பதிலும் வந்துவிடும்: “கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணு.” காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர். சுத்தம் பண்ணுவார்கள், ஸ்க்ரூவைத் திருகுவார்கள், பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை மாற்றுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும். அதுவரை ஒழுங்காக வேலை செய்த கார்புரேட்டரும் இப்போது கெட்டிருக்கும்.

கார்புரேட்டர் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரேஸ் ஏறாமல் போவதற்குக் குறைந்தது ஐந்தாறு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை வெளியே காட்டிவிடும். அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதிக் கண்டுபிடித்துவிடலாம். மினி, ஃபியட் 500, ரெனோ 4, பீட்டில் போன்ற, கார்புரேட்டரும், தீப்பொறியை இயக்கும் பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்சும் உள்ள கார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வைத்த கார்களின் கதை வேறு.

எவ்வளவு ஏற வேண்டும்?

இதைக் கேட்காமல் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். இன்ஜினின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்கிறோம். கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் சேர்ந்து சுழற்றும் அந்தப் பெரிய தண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதுதான் அது.

1959-இல் வந்த முதல் மினியின் 848 சிசி இன்ஜின் 34 குதிரைத்திறனைத் தந்தது, 5500 சுற்றில். 1960-களின் பீட்டில் 1200-உம் கிட்டத்தட்ட அதே 34 குதிரைத்திறன்தான். ஆனால் அதைத் தந்தது 3600 சுற்றிலேயே. பீட்டில் இன்ஜினுக்கு மூச்சுக்குழாயே சின்னதாக வைத்திருந்தார்கள். அதிக வேகத்தில் சுற்றித் தேயாமல் நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்தது அது. பீட்டில் வைத்திருப்பவர் மினி மாதிரி ஏறவில்லையே என்று வருந்தினால் அங்கே கோளாறு எதுவும் இல்லை.

அதனால் உங்கள் இன்ஜின் எத்தனை சுற்றில் தன் முழுத்திறனைத் தர வேண்டும் என்பதை முதலில் கையேட்டில் பாருங்கள். சுற்று காட்டும் மீட்டரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பின்னால் வாங்கிப் பொருத்திய மீட்டரில் சிலிண்டர் எண்ணிக்கைக்கான ஸ்விட்ச் தப்பாக இருந்தால் காட்டுகிற எண் முழுக்கத் தவறாகிவிடும்.

எல்லாம் நேரக் கணக்குதான்

மெதுவாகக் கை தட்டிப் பாருங்கள். ஒரு கையில் லேசான சுளுக்கு இருந்தாலும் தாளம் தப்பாது. வேகத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்குங்கள். சுளுக்கு உள்ள கைதான் முதலில் பின்தங்கும். இன்ஜினிலும் இதேதான் நடக்கிறது. ஐடிலிங்கில் எல்லாப் பாகங்களுக்கும் தாராளமாக நேரம் இருப்பதால், பாதி கெட்டுப்போன பாகமும் சமாளித்துவிடுகிறது.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1000 சுற்றில் கிராங்க் ஷாஃப்ட் ஒருமுறை சுற்ற ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்ததில் 60 பங்கு ஆகிறது. 6000 சுற்றில் 10 பங்குதான். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு தீப்பொறி விழ வேண்டும். 6000 சுற்று என்றால் விநாடிக்கு 200 தீப்பொறி. ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூட வேண்டும். காற்று உள்ளே வர, எரிய, வெளியே போக எல்லாவற்றுக்கும் சேர்த்தே அவ்வளவு நேரம்தான்.

ஆக, “ரேஸ் ஏறவில்லை” என்றால் ஏதோ ஒரு பாகத்தால் இந்தச் சுருங்கிய நேரத்துக்குள் தன் வேலையை முடிக்க முடியவில்லை என்று அர்த்தம். அது எது என்றுதான் தேடப்போகிறோம்.

நிற்கும்போதா, இழுக்கும்போதா?

இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டாலே தேடுகிற இடம் பாதியாகக் குறைந்துவிடும். கார் நியூட்ரலில் நிற்கும்போது ரேஸ் கொடுத்தால் ஏறுகிறதா? ரோட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் மேடு ஏறும்போது ஏறுகிறதா? இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை.

நியூட்ரலில் இன்ஜின் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டால் போதும். த்ராட்டில், அதாவது கார்புரேட்டருக்குள் காற்றை அளந்து விடும் தகடு, கொஞ்சம் திறந்தாலே சுற்று மளமளவென்று ஏறும். பெட்ரோலும் கொஞ்சம் போதும். சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. காரை இழுக்கும்போது த்ராட்டில் முழுக்கத் திறக்கிறது, சிலிண்டரில் கலவை நிரம்புகிறது, அழுத்தம் கூடுகிறது, பெட்ரோல் பல மடங்கு தேவைப்படுகிறது.

நியூட்ரலில் நன்றாக ஏறி, ரோட்டில் மட்டும் திணறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது தீப்பொறிக்கு வலு இல்லை என்று சந்தேகப்படலாம். நியூட்ரலிலேயே ஏறவில்லை என்றால் கோளாறு பெரியது: டைமிங் அட்வான்ஸ் (பொறி முந்தி விழும் அளவு), அடைத்த சைலன்சர், வால்வு, அல்லது ஜாம் ஆன கார்புரேட்டர். சுற்று ஏறுகிறது, ஆனால் காரின் வேகம் ஏறவில்லை என்றால் இன்ஜினை விட்டுவிட்டுக் கிளட்சைப் பாருங்கள்.

திணறும் விதத்தையும் காதால் கவனிக்க வேண்டும். சட்சட்டென்று வெட்டி வெட்டி மிஸ்ஸிங் அடித்தால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். சில விநாடி நன்றாக இழுத்துவிட்டு மெல்ல மெல்லச் சோர்ந்துபோனால் பெட்ரோல் பக்கம். எந்தச் சத்தமும் இல்லாமல் சுவரில் முட்டியதுபோல் ஒரே இடத்தில் நின்றால் காற்று, சைலன்சர் அல்லது அட்வான்ஸ்.

பெடல் முழுக்கப் போகிறதா?

சின்ன விஷயம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஆஃப் செய்து, ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். த்ராட்டில் தகடு காற்றுப் பாதைக்கு நேராக, முழுக்கத் திறந்து நிற்க வேண்டும். கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருந்தாலோ, பெடலுக்கு அடியில் தடித்த கார்பெட் இருந்தாலோ பாதிதான் திறக்கும். அந்தக் கார் எத்தனை ஜெட் மாற்றினாலும் ஏறாது. கழற்றிய ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தும் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிடலாம்.

தீப்பொறி: நேரம் கிடைக்காத காயில்

கார்புரேட்டர் மேல் போடப்படும் பழிகளில் நிறைய இங்கே சேர வேண்டியவை. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

காயில் என்பது பேட்டரியின் குறைந்த வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாற்றும் கம்பிச் சுருள். பாயிண்ட் என்பது, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். அது மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடிக் காந்தசக்தி சேர்கிறது. அது திறக்கும் அந்தக் கணத்தில் காந்தசக்தி சரிந்து, பிளக்கில் தீப்பொறி பாய்கிறது.

காந்தசக்தி சேர நேரம் வேண்டும். 1000 சுற்றில் ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே விநாடியின் ஆயிரத்தில் 30 பங்கு இருக்கிறது. 6000 சுற்றில் 5 பங்குதான். அதிலும் பாயிண்ட் மூடியிருப்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பாகம். ஆக 3 பங்குக்குச் சற்று மேல். பாயிண்ட் இடைவெளி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் மூடியிருக்கும் நேரம் இன்னும் குறையும். ஐடிலிங்கில் யாருக்கும் தெரியாது. வேகத்தில் காயில் பாதி நிரம்புவதற்குள் பாயிண்ட் திறந்துவிடும்.

மினியில் இருக்கும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. பாயிண்ட்டின் குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் ஏறி நிற்கும்படி இன்ஜினைக் கையால் திருப்பி நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். அப்படியே பாயிண்ட்டின் இரண்டு முகத்தையும் பாருங்கள். ஒன்றில் குழி, எதிரில் ஒரு மேடு என்று இருந்தால் ஃபீலர் கேஜ் அந்த மேட்டின் மேல்தான் உட்காரும். குழிக்குள் இருக்கும் உண்மையான இடைவெளியை அது காட்டாது. இப்படிப்பட்ட பாயிண்ட்டைத் தேய்த்துச் சரிபண்ணுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேகத்தில் பாயிண்ட் துள்ளும். மூட வேண்டிய நேரத்தில் மூடாது.

பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும், கண்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் தடுப்பது அதன் வேலை. அது கெட்டால் பாயிண்ட் சீக்கிரம் கருகும். வேகத்தில் மிஸ்ஸிங் வரும். புதிதாக வாங்கிய கண்டென்சரும் கெட்டதாக இருப்பது உண்டு. அதனால் ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலிருந்து பாயிண்ட் தட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். தட்டு அசையும்போதெல்லாம் அதுவும் வளைகிறது. வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து, மேலே இன்சுலேஷன் முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே அறுந்துவிட்டது.

ரோட்டில் மட்டும் ஏன் மிஸ்ஸிங் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. அழுத்தம் கூடிய கலவையைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். அது கிடைக்காவிட்டால், அல்லது விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பழைய பிளக் ஒயர், மூடிக்குள் சுற்றும் ரோட்டார் கருகியிருந்தால் அது, இவற்றின் வழியாகச் சுலபமான பாதை இருந்தால், அந்தப் பக்கம் ஓடிவிடும். இருட்டில் பானட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டால் ஒயர்களில் நீல ஒளி தாவுவது சில சமயம் கண்ணுக்கே தெரியும். ஒயரில் கை படாமல் பாருங்கள்.

டைமிங் அட்வான்ஸ்: முந்திக்கொள்ள வேண்டிய பொறி

பெட்ரோல் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் எடுக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் முழுதாக இருக்க வேண்டுமானால், பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே பொறி விழ வேண்டும். இப்படி முந்திக்கொள்வதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். அதை கிராங்க் சுற்றின் டிகிரியில் அளக்கிறோம்.

மெதுவாகச் சுற்றும்போது சில டிகிரி முந்தினால் போதும். வேகம் ஏறும்போது பிஸ்டன் விரைந்து வந்துவிடுவதால் இன்னும் முன்னாலேயே பொறி வேண்டும். பல சின்ன இன்ஜின்களில் வேகத்தில் ஏறக்குறைய 30 டிகிரிவரை போக வேண்டும். கலவையின் கொந்தளிப்பு கூடி அது விரைவாக எரிவதால் அதற்கு மேல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

பல கார்களில் இதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டரின் அடிவயிற்றில் இருக்கும் இரண்டு சின்ன எடைக்கட்டிகள். தண்டு வேகமாகச் சுற்றும்போது அவை ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கம் விரியும். விரியும்போது பாயிண்ட்டைத் திறக்கும் கேமை முன்னால் தள்ளும். பாயிண்ட் மாற்றுகிற பலர் இந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. கிரீஸ் காய்ந்து, துரு ஏறி, எடைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐடிலிங் அருமையாக இருக்கும். ரேஸ் மட்டும் ஏறாது. மந்தமாக, சூடாக, உயிரே இல்லாமல் ஓடும்.

சோதிப்பது சுலபம். மூடியைக் கழற்றி, ரோட்டாரைப் பிடித்து அது சுற்றும் திசையில் மெல்லத் திருகுங்கள். கொஞ்ச தூரம் போய், விட்டதும் ஸ்பிரிங் இழுப்பில் தானாகத் திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றாலோ, போன இடத்திலேயே நின்றுவிட்டாலோ கோளாறு இங்கேதான். ரோட்டாரை உருவி எடுத்து, அடியில் தெரியும் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி இரண்டு மூன்று சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, சற்று ஊறவைத்து, திரும்பத் திரும்பத் திருகிப் பாருங்கள். விடுபடாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

டைமிங் லைட், அதாவது பொறி விழும் கணத்தில் மட்டும் மின்னும் விளக்கு, இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் கிராங்க் ஷாஃப்ட் நுனியில் உள்ள புல்லியின் குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் 3000 சுற்றுக்கு ஏற்றுங்கள். குறி சீராக நகர்ந்து போக வேண்டும். இறக்கியதும் பழைய இடத்துக்கே வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில இன்ஜின்களில் புல்லியின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும். ரப்பர் நைந்து வளையம் நழுவியிருந்தால் குறியே பொய் சொல்லும். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து குறி சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது கரண்ட் பக்கம். பொறி வலுவாக இருக்க வேண்டும், சரியான நேரத்தில் விழ வேண்டும். இந்த இரண்டும் உறுதியாகும்வரை கார்புரேட்டரில் கை வைக்க வேண்டாம்.

பெட்ரோல்: தொட்டி காலியாகும் வேகம்

கார்புரேட்டரில் ஃப்ளோட் சேம்பர் என்று ஒரு சின்னத் தொட்டி உண்டு. பம்ப் அதை நிரப்புகிறது, இன்ஜின் அதிலிருந்து உறிஞ்சுகிறது. ஐடிலிங்கில் இன்ஜினுக்கு மணிக்கு ஒரு லிட்டரும் தேவைப்படாது. சின்ன இன்ஜின்கூட முழுத்திறனில் ஓடும்போது மணிக்கு 10 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். வரத்து அதைவிடக் குறைந்தால் தொட்டி சில விநாடியில் காலியாகிவிடும். கார் சோர்ந்துபோகும், காலை எடுத்தால் தொட்டி நிரம்பி மறுபடி ஓடும். இப்படி மாறி மாறி வந்துபோனால் பெட்ரோல் போதவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

ரோட்டிலேயே ஒரு நல்ல சோதனை செய்யலாம். திணறும் நேரத்தில், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தேறினால் கலவையில் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், அல்லது கோளாறு வேறு இடத்தில்.

குறைவு என்று தெரிந்தால் டாங்கிலிருந்து முன்னோக்கி வாருங்கள். டாங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே போகிறதா? மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டாங்குக்கும் பம்புக்கும் நடுவில் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது. அங்கே பம்ப் உறிஞ்சுவதால் காற்றுதான் உள்ளே போகும். ஈரமே தெரியாததால் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை. கடைசியில் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் வந்தால் கவலையில்லை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், காயில் ஒயர் கழற்றியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது.

இதெல்லாம் சரி என்றால் அப்புறம் கார்புரேட்டரைத் திறங்கள். மினியில் இருக்கும் எஸ்யூ கார்புரேட்டரில் ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப எழும்பும். அதை விரலால் தூக்கி விட்டால் தடங்கல் இல்லாமல் இறங்கி, ‘டக்’ என்று அடியில் தட்ட வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் அது எங்கோ உரசுகிறது. பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டால் காற்றும் பாதி, பெட்ரோலும் பாதி.

புகை போகும் வழி

எரிந்த புகை வெளியேறாவிட்டால் புதுக் கலவைக்கு உள்ளே இடமில்லை. பழைய சைலன்சர் வெளியில் பளிச்சென்று இருந்தும் உள்ளே தகடுகள் துருப்பிடித்துக் கழன்று வழியை மறித்திருக்கலாம். கலவை இன்ஜினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில், உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்யூம் கேஜை மாட்டி, 2500 சுற்றில் பிடித்துவையுங்கள். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சில விநாடிகளில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை பின்னால் தேங்குகிறது. கேஜ் இல்லையென்றால் சைலன்சருக்கு முந்தைய இணைப்பைத் தளர்த்திவிட்டு ஒருமுறை ரேஸ் கொடுங்கள். காது அடைக்கும், ஆனால் சுற்று ஜிவ்வென்று ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

வால்வுகள்

இவ்வளவும் பார்த்தபின்தான் இன்ஜினுக்குள் போக வேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையால் திருப்புங்கள். ஒவ்வொரு ராக்கரும், அதாவது வால்வை அழுத்தும் நெம்புகோல், எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாக இறங்கினால் வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள கேம் ஷாஃப்டின் அந்த மேடு தேய்ந்துவிட்டது. எக்ஸாஸ்ட் பக்க மேடு தேய்ந்தால் புகை சரியாக வெளியேறாது. ரேஸ் கொடுக்கும்போது கார்புரேட்டர் வழியாக ‘பட் பட்’ என்று திருப்பி அடிக்கும். இதைக் கேட்டதும் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள், பாவம். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள டாப்பெட் இடைவெளியையும் கையேட்டின்படி பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வால்வு ஸ்பிரிங். கேம் தள்ளித் திறந்த வால்வைத் திரும்ப மூடுவது இதன் வேலை. தளர்ந்த ஸ்பிரிங்கால் விநாடிக்கு 50 தடவை இதைச் செய்ய முடியாது. வால்வு கேமோடு ஒட்டிப்போகாமல் மிதக்க ஆரம்பிக்கும். அடையாளம் தெளிவானது: அதுவரை நன்றாக ஏறிவந்த இன்ஜின், ஒவ்வொரு முறையும் அதே சுற்றில், தலைப்பக்கம் கடகடவென்ற சத்தத்தோடு நின்றுவிடும். சில இன்ஜின்களில் மிதக்கும் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். அதனால் ஸ்பிரிங்கை மாற்றும்வரை அந்தச் சுற்றுக்குக் கீழேயே ஓட்டுங்கள். உறுதிசெய்துகொள்வதற்காக இன்னொரு தடவைகூட மிதித்துப் பார்க்க வேண்டாம்.